‘கற்பனைப் புவியியல்’ வேண்டாம், ‘புனைநிலம்’ போதும்

பழைய கோட்டை, மர்மம், பயம் என்று போகும் ஐரோப்பிய நாவல்களைக் கோதிக் நாவல்கள் என்பார்கள். அவற்றைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘கற்பனைப் புவியியல்’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. கதை நடக்கும் இடங்களின் அமைப்பைச் சொல்ல, ‘இமாஜினரி ஜியாக்ரஃபி’ என்ற ஆங்கிலத் தொடரை மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே பெயர்த்தது அது. எந்தப் புவியியல்?

ஜியாக்ரஃபி கிரேக்கத்திலிருந்து வந்தது: நிலத்தை எழுதுதல். ஆங்கிலத்தில் அது பாடத்தின் பெயர். ஓரிடத்தின் மலை, ஆறு, பாதை கிடக்கும் அமைப்புக்கும் அதுவே பெயர். தமிழில் உயிரியல், இயற்பியல் என்று ‘இயல்’ ஒட்டினால் அது படிப்பு. ‘கற்பனை உயிரியல்’ என்றால் யாருக்காவது யாளி நினைவுக்கு வருமா?

சரி, புவியியலை விடுங்கள். ‘கற்பனை’ அதைவிடத் தொல்லை. அந்த ஊரே கிடையாது என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடுகிறது. ஒட்ரான்டோ தெற்கு இத்தாலியில் இன்றும் இருக்கிறது. ஹோரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற கோதிக் நாவலுக்கு நேப்பிள்ஸ் ராஜ்ஜிய வரைபடத்தில் தேடி, காதுக்கு நன்றாயிருந்த பெயரை எடுத்துக்கொண்டார். அங்கே நிஜமாகவே ஒரு கோட்டை உண்டு என்பது அவருக்கு அப்போது தெரியாது! ‘டிராகுலா’ நாவலில் (1897) டிரான்சில்வேனியாவின் பிஸ்ட்ரிட்ஸ் நகரம் நிஜம், போர்கோ கணவாய் நிஜம், இங்கிலாந்தின் விட்பி துறைமுகம் நிஜம். அதை எழுதிய பிராம் ஸ்டோக்கர் விட்பியில் தங்கியிருக்கிறார். டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. டிராகுலா பிரபுவின் கோட்டை எந்த வரைபடத்திலும் அகப்படவில்லை என்று, அங்கே பயணம் போகும் ஹார்க்கரே கதையில் எழுதுகிறான். தெரிந்த ஊர்களை வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசி மலைப்பாதையை மட்டும் வரைபடத்துக்கு வெளியே தள்ளுவதில்தான் அந்தப் பயமே இருக்கிறது. ‘கற்பனை’ என்று முத்திரை குத்தினால் பிஸ்ட்ரிட்ஸும் சேர்ந்து காணாமல் போகிறது.

‘புனைநிலம்’ என்று சொல்லலாம். புனைபெயருக்குப் பின்னால் நிஜ ஆள் இருப்பதுபோல, புனைநிலத்துக்குப் பின்னால் நிஜ மண் இருக்கலாம். வினைத்தொகை என்பதால் புனைந்த, புனைகிற, புனையும் நிலம் மூன்றும் அடங்கும். முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் படித்த நமக்கு ‘நிலம்’ போதாதா? முழுக்கக் கற்பனையில் கட்டிய இடத்தை மட்டும் ‘கற்பனை ஊர்’ என்றே எழுதிக்கொள்ளலாம், தடையில்லை.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தாம் கோதிக் நாவலைப் ‘பேய்க்கதை’ ஆக்குகிறவர்கள். ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய உடால்ஃபோ நாவலில் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்து பயமுறுத்தியது கடைசியில் வெறும் மெழுகு உருவம். ஒவ்வோர் அமானுஷ்யத்துக்கும் அந்த அம்மையார் காரணம் சொல்லித்தான் முடிக்கிறார். அதில் பேயை எங்கே பார்த்தார்களோ!