செம்மையாக்கியவர் பெயர் ஏன் நூலில் இருப்பதில்லை?

ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பதிப்பு விவரப் பக்கத்தை. அட்டை வடிவமைத்தவர், அச்சகம், விலை எல்லாம் இருக்கும். எழுத்தாளரின் பிரதியைத் திருத்திச் செம்மையாக்கியவர் (எடிட்டர்) பெயர் பெரும்பாலும் இருக்காது. நான் வேலை செய்த நூல்களில் பாதிக்கு மேல் என் பெயர் கிடையாது.

இதில் சட்டத்தின் பங்கும் இருப்பதாக நினைக்கிறேன். 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரையும் ஊரையும் போடச் சொன்னது. செய்தித்தாளுக்கு ஆசிரியர் பெயரும் கட்டாயமாக இருந்தது. வழக்கு என்று வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் அரசின் கவலையாக இருந்தது. நூலைத் திருத்தியவரை அது கேட்கவே இல்லை.

இன்னொரு காரணம் எழுத்தாளரின் அச்சம். 'பதிப்பாசிரியர்' என்றால் நமக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருவார். 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதை எழுதிய திருத்தக்கதேவர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருப்பவரின் நாவல் அப்படியில்லை. "அப்போ இதை எழுதினது யாரு?" என்று யாராவது கேட்டுவிட்டால்? அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் உல்ஃப் 1935இல் தன் நாவலை எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு மனமார நன்றி சொல்லிச் சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டே ஒரு விமர்சகர், அந்த எழுத்துக்கு வடிவம் கொடுத்ததே பெர்கின்ஸும் பதிப்பகமும்தான் என்று தாக்கினார். உல்ஃபை அது ஆழமாகக் காயப்படுத்தியது. பிறகு அவர் வேறு பதிப்பகத்துக்கே போய்விட்டார்.

ஒரு நாவலில் ஏழாம் அத்தியாயத்தை முதலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். எழுத்தாளர் இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் அதை முழுக்கத் திருப்பி எழுதி அனுப்பினார், நான் நினைத்ததைவிட நன்றாக. அந்தத் தொடக்கம் அவருடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிரதியோடு நானும் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்வதால் அவர் எழுத்து குறைந்துவிடாது.

பெயர் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்ததும் உண்டு. கடைசி மெய்ப்பில், அதாவது அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் படியில், என் திருத்தங்களில் முக்கால்வாசியை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பிரதிக்கு நான் எப்படிப் பொறுப்பேற்க முடியும்?

பெயர் இல்லாததால் வருவது மனக்குறை மட்டுமில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருபவருக்கு அடுத்த பதிப்பகத்தில் காட்ட எதுவும் இருக்காது. "மெய்ப்புப் பார்ப்பதுதானே" என்று பக்கக் கணக்கில் கூலி பேசி முடித்துவிடுவார்கள்.

இப்போது வேலையை ஒப்புக்கொள்ளும் மின்னஞ்சலிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன்: பதிப்பு விவரப் பக்கத்தில் 'செம்மையாக்கம்' என்று என் பெயர் வர வேண்டும், கடைசி மெய்ப்பைப் பார்த்த பிறகே அதற்குச் சம்மதம் சொல்வேன். புதியவர்களும் கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். அச்சுக்குப் போன பிறகு கேட்டால், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்பார்கள்.