சிமுலேட்டரில் ரஃபேல் தோற்றதா? ஓட்டியது யார் என்று முதலில் பாருங்கள்

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு போர் விமான சிமுலேட்டரில் ஒரு பக்கம் இந்தியாவிடம் இருக்கும் ரஃபேல், இன்னொரு பக்கம் பாகிஸ்தானிடம் இருக்கும் சீன விமானம் ஜே-10சி. இரண்டையும் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. திரும்பத் திரும்ப மோதவிட்டு, யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று கடைசியில் ஒரு பட்டியல். "மாமா, உண்மையிலும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தான். 2025 மே மாத இந்திய – பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு இந்த மாதிரி வீடியோக்கள் நிறைய வருகின்றன, கீழே கமெண்டில் பெரியவர்களே அதை ஆதாரமாக வைத்துச் சண்டை போடுகிறார்கள். பயிற்சி சிமுலேட்டர்களில் எதிரி விமானம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நிரல் எழுதுவதுதான் பல வருடமாக என் வேலை என்பதால், அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில் பறக்கும் விதம். நீங்கள் ஓட்டும் விமானமும் கம்ப்யூட்டர் ஓட்டும் விமானமும் பல சிமுலேட்டர்களில் ஒரே கணக்கில் பறப்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டும் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விமானத்துக்கு இறக்கை, வால், எஞ்சின், காற்றின் ஓட்டம் என்று விரிவான இயற்பியல் கணக்கு ஓடும், எதிரிக்கு ஓடுவது எளிமையாக்கப்பட்ட ஒரு மாடல். காரணம் வஞ்சகம் இல்லை, கம்ப்யூட்டரின் சக்திதான். வானத்தில் நாற்பது விமானம் இருந்தால் நாற்பதுக்கும் முழுக் கணக்கைப் போட வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்காது. ஆனால் விளைவு என்னவென்றால், கம்ப்யூட்டர் ஓட்டும் மிக்-15 என்ற பழைய சோவியத் போர் விமானம் வேகத்தை இழக்காமல் செங்குத்தாக ஏறிக்கொண்டே போகிறது என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் முறையிட்டார்கள். கம்ப்யூட்டர் விமானங்களுக்கென்று மேம்பட்ட மாடல் ஒன்றைத் தயாரிப்பதாக அந்த நிறுவனமே பிறகு அறிவித்தது.

இதைவிடப் பெரிய விஷயம், எதிரிக்கு என்னென்ன தெரியும் என்பது. நிரலுக்குள் எல்லா விமானத்தின் இடமும் வேகமும் திசையும் ஏற்கெனவே எண்களாக இருக்கின்றன, எதிரியை எழுதுபவர் தடுப்புச் சுவர் கட்டாவிட்டால் அது எல்லாவற்றையும் பார்த்துவிடும். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை உதாரணமாகச் சொல்கிறேன். அது எந்த ரேடார் அலையையும் வெளியே அனுப்புவதில்லை, அதனால் ரேடார் எச்சரிக்கைக் கருவி அதைப் பற்றி மூச்சே விடாது. பின்னாலிருந்து ஏவினால், விமானி திரும்பிப் பார்த்துப் புகையைக் கண்டால் உண்டு, அல்லது ஏவுகணை வருவதை உணரும் தனிக் கருவி விமானத்தில் இருந்தால் உண்டு. ஆனால் பல சிமுலேட்டர்களில் நீங்கள் பொத்தானை அழுத்திய அதே நொடியில் எதிரி ஃபிளேர்களை (ஏவுகணையை ஏமாற்றும் நெருப்புப் பொறிகளை) கொட்டிவிட்டு வளைந்துவிடுவான். அவன் உங்களைப் பார்க்கவில்லை, உங்கள் ஏவுகணை உருவானது என்ற செய்தி நிரலுக்குள் அவனுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய எதிரியோடு மோதிப் பார்க்க, ஓய்வு பெற்ற போர் விமானி ஒருவர் வந்தார். இரண்டு சுற்று முடித்துவிட்டு இறங்கி, "தம்பி, இவனுக்கு முதுகிலும் கண் இருக்கு, அப்புறம் இவன் எப்பவும் இடது பக்கம்தான் வளைஞ்சு தப்பிக்கிறான்" என்றார். முதல் குறை எனக்குத் தெரிந்ததுதான், சரிசெய்து கொண்டிருந்தோம். இரண்டாவதைக் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எதிராளியின் ரேடார் அவனைக் குறிவைத்துப் பிடித்தால் தப்பிக்கும் திசையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு சின்னப் பிழை, எல்லா நேரமும் ஒரே விடைதான் வந்துகொண்டிருந்தது. அவர் கண்டுபிடிக்காமல் அது பயிற்சிக்குப் போயிருந்தால், இளம் விமானிகள் பத்தே நாளில் அதைக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு முறையும் மூக்கை முன்கூட்டியே இடப்பக்கம் வைத்து ஜெயித்திருப்பார்கள், மதிப்பெண்ணும் நன்றாக வந்திருக்கும், உண்மையான வானத்தில் எதிரி வலப்பக்கம் போகும் நாளில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. தவறான பழக்கத்தை உடம்பில் ஏற்றிவிடும் பயிற்சி, பயிற்சியே இல்லாததைவிட மோசம்.

அப்புறம் உடம்பு. எஃப்-16 போர் விமானம் ஒன்பது ஜி வரை, அதாவது உடம்பின் எடை ஒன்பது மடங்காகத் தெரியும் அளவுக்கு, வளையும். மனிதத் தலை சுமார் ஐந்து கிலோ, ஹெல்மெட்டோடு ஏழு என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஜி-யில் கழுத்து தாங்குவது 63 கிலோ. அந்த நிலையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும், கால் தசைகளையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கீழே இறங்கிப் பார்வை ஓரங்களில் இருந்து மங்கி வந்து நினைவே போய்விடும். இரண்டு நிமிடம் இப்படிச் சண்டை போட்ட விமானி மூன்றாவது நிமிடத்தில் அதே மனிதர் இல்லை. நிரலில் இருக்கும் எதிரிக்கு ஜி என்பது ஓர் உச்ச வரம்பு எண். அவன் களைப்பதில்லை, வியர்வை கண்ணில் இறங்குவதில்லை, சூரியனுக்கு எதிரே கண் கூசுவதில்லை. விமானியின் சோர்வையும் மயக்கத்தையும் எதிரிக்கும் சேர்க்கும் வேலை நடக்கிறது, எல்லா இடத்திலும் இன்னும் வந்துவிடவில்லை.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. கம்ப்யூட்டர் விமானி சில இடங்களில் கடவுள், சில இடங்களில் குழந்தை. கூட வரும் விங்மேன் தாக்கப்பட்டால் அவனுக்குக் கோபமோ தயக்கமோ இல்லை, எரிபொருள் தீரும்வரை ஒரே வட்டத்தில் சுற்றுவான், தாழ்வாகப் பறந்து மலை மறைவில் ஒளிந்து வரும் தந்திரத்தை யாராவது எழுதி வைத்தால்தான் செய்வான். 1998-இல் வந்த ஃபால்கன் 4.0 ஒரு முழுப் போரையே ஓட்டிக் காட்டிய அற்புதமான சிமுலேட்டர், இன்றும் அதன் வாரிசை ஆட்கள் ஓட்டுகிறார்கள். அதில் உங்களைச் சுற்றி ஒரு குமிழி இருக்கும். குமிழிக்குள் இருக்கும் விமானங்கள்தான் தனித்தனி விமானமாகப் பறக்கும், வெளியே நடக்கும் சண்டைகளைப் புள்ளிவிவரக் கணக்கே தீர்த்துவிடும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதுதான் என் கருத்து. ஆனால் தூரத்தில் விழுந்த ஒரு விமானத்தைக் காட்டி "மிக்-29 இவ்வளவுதான்" என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

சரி, ரஃபேலுக்கும் ஜே-10சி-க்கும் வருவோம். அந்த வீடியோவில் இருந்த இரண்டு மாடலுமே ரசிகர்கள் தயாரித்தவை. இவற்றின் ரேடார் எவ்வளவு தூரத்தில் எதைப் பிடிக்கும், மின்னணுப் போர்க்கருவி எதை எப்படி ஏமாற்றும், ஜே-10சி சுமக்கும் பிஎல்-15 ஏவுகணையின் உண்மையான வீச்சு எந்த உயரத்தில் எவ்வளவு என்பதெல்லாம் ரகசியம். மாடல் செய்தவர் விளம்பரத் தாளையும் ஊகத்தையும் வைத்து எண்களைப் போட்டிருக்கிறார், அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதன் மேல் பொதுவான ஒரு கம்ப்யூட்டர் விமானியை உட்கார வைத்து, தரையில் இருக்கும் ரேடார், வானில் சுற்றும் கண்காணிப்பு விமானம், எப்போது சுடலாம் என்ற அரசியல் உத்தரவு எதுவுமே இல்லாத வெற்று வானத்தில் மோதவிட்டால், கிடைப்பது இரண்டு ஊகங்களின் மோதல். கம்ப்யூட்டர் விமானியின் திறமை அளவை ஏஸிலிருந்து (கைதேர்ந்தவர்) ரூக்கிக்கு (புதியவர்) மாற்றிப் பாருங்கள், முடிவும் மாறும்.

"ஏஐ தான் மனித விமானியையே தோற்கடித்துவிட்டதே மாமா" என்றான். உண்மைதான். 2020 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய ஆல்ஃபா டாக்ஃபைட் போட்டியில் ஹெரான் சிஸ்டம்ஸின் நிரல், அனுபவமுள்ள எஃப்-16 விமானியை 5-0 என்று தோற்கடித்தது. ஆனால் அது சிமுலேட்டருக்குள், ஏவுகணை இல்லாமல் விமானத்தின் துப்பாக்கியை மட்டும் வைத்து, எதிரியின் துல்லியமான இடத்தை நிரலுக்குக் கொடுத்து நடந்தது. நேருக்கு நேர் பாய்ந்து வந்து மிக அருகில் சுடும் உத்தியை அது அதிகம் பயன்படுத்தியது. மோதிவிடும் ஆபத்து இருப்பதால் உண்மையான பயிற்சியில் விமானிகளுக்கு அதற்கு அனுமதி இல்லை. பிறகு அந்த வகை நிரல்களை எக்ஸ்-62ஏ என்ற மாற்றியமைத்த எஃப்-16-இல் ஏற்றினார்கள். 2022 டிசம்பரில் தொடங்கி 21 சோதனைப் பறப்புகள், அதற்குள் நிரலில் 1,00,000-க்கும் மேற்பட்ட வரிகளை மாற்ற வேண்டியிருந்தது. மனிதர் ஓட்டிய எஃப்-16-ஐ அது வானில் எதிர்கொண்டது 2023 செப்டம்பரில்தான், அப்போதும் பாதுகாப்புக்கு விமானிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு லட்சம் வரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சிமுலேட்டரில் உலக சாம்பியன் ஆன பிறகும் வானம் கேட்டது அவ்வளவு.

கம்ப்யூட்டர் விமானங்களே வீண் என்று நான் சொல்லவில்லை, அதை நம்பித்தான் சோறு சாப்பிடுகிறேன். 1997-இல் ஸ்டோ-97 என்ற அமெரிக்க ராணுவப் பயிற்சியில் டாக்ஏர்-சோர் என்ற நிரல், ஆயிரக்கணக்கான விதிகளை வைத்து, 48 மணி நேரத்தில் 700-க்கும் மேற்பட்ட பறப்புகளைத் தானே ஓட்டியது. அத்தனைக்கும் விமானிகளைக் கொண்டுவந்து உட்கார வைக்கவே முடியாது. வானத்தை நிரப்ப, எரிபொருள் விமானத்தை அதன் பாதையில் சுற்றவிட, ரேடார் திரையில் பத்துப் புள்ளிகளில் எது ஆபத்து என்று பிரிக்கப் பழக, இவை அருமையான துணை. வீட்டிலும் அப்படித்தான். ரேடார் இயக்க, தரையிறங்க, ஏவுகணையின் எல்லைகளைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரோடு பழகுங்கள், வளைந்து வளைந்து சண்டை போடக் கற்க வேண்டுமென்றால் ஆன்லைனில் ஒரு மனிதரைத் தேடுங்கள்.

அக்கா மகனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே விமானம், ஒரே எரிபொருள், ஒரே ஆயுதம், ஒரே திறமை அளவு. இருபது முறை ஓடவிட்டு நோட்டில் எழுத வேண்டும், அப்புறம் ஒரு பக்கத்தின் உயரத்தை மட்டும் இருநூறு மீட்டர் கூட்டிவிட்டு மறுபடி இருபது. நேற்று ராத்திரி போன் செய்தான். முதல் இருபதிலேயே ஒரு பக்கம் பதின்மூன்று முறை ஜெயித்திருக்கிறதாம், "ஒரே விமானம்தானே மாமா, எப்படி?" என்று கேட்டான். இரண்டாவது இருபதை இன்றைக்கு ஓட்டுகிறான்.