மூளைக்கு ரத்தம் அதிகம் பாய்ந்தால் நல்லதா?

பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

ஏன் ஆறு மணி நேரம்? ஆக்சிஜன் நின்றபோதே சில செல்கள் இறந்துவிடுகின்றன. குழந்தைக்கு மூச்சு வந்து ரத்த ஓட்டம் திரும்பியதும் மற்ற செல்கள் ஓரளவு தேறுகின்றன. ஆபத்து நீங்கிவிட்டது என்றே தோன்றும். ஆனால் சில மணி நேரம் கழித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் மறுபடி செயலிழக்க, இரண்டாம் சுற்று அழிவு தொடங்குகிறது. அதற்கு முன் உள்ள இடைவெளியில்தான் குளிர்ச்சி பலன் தரும்.

இந்த இரண்டாம் சுற்றில் மூளைக்குப் பாயும் ரத்தம் குறைவதில்லை, பல குழந்தைகளுக்குக் கூடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு போன்றவை ரத்தக்குழாய்களை விரித்துவிடுகின்றன. தேவைக்கேற்பச் சுருங்கி விரியும் கட்டுப்பாடும் போய்விடுகிறது. ரத்தம் ஏராளமாக வந்தாலும் அடிபட்ட செல்களால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் ரத்தம் கூடுவதைத் தேறுதல் என்று எண்ணிவிடக் கூடாது.

இதைப் படுக்கையருகிலேயே பார்க்கலாம். உச்சிக்குழியின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தால், ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளரில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அலை எழும். இதயம் சுருங்கும்போது வேகம் நொடிக்கு 50 செ.மீ., விரிந்து முடியும்போது 15 என்றால், வித்தியாசமான 35-ஐ 50-ஆல் வகுத்து 0.7 என்பார்கள். அது இயல்பு. குழாய்கள் தளர்ந்து கிடந்தால் அலையின் அடிப்பகுதி இறங்காமல் நின்றுவிடும். 25-இல் நின்றால் விடை 0.5. குளிர்சிகிச்சை வராத காலத்தில் 0.55-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள்.

குளிர்ச்சி இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் மூளையின் ஆற்றல் தேவை சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. இதயத் துடிப்பும் மெதுவாகிறது. உடலில் கார்பன் டை ஆக்சைடு உற்பத்தியும் குறைகிறது. வென்டிலேட்டரின் வேகத்தை அதற்கேற்பக் குறைக்காவிட்டால், அந்த வாயு மிகவும் குறைந்து, மூளையின் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும். இந்தக் கவனம் மிக முக்கியம் என்பேன். இத்தனையும் ஒன்றாக நடப்பதால், குளிரில் இருக்கும்போது எடுத்த டாப்ளர் எண்ணை மட்டும் வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது.

பிறகு மணிக்கு அரை டிகிரி வீதம் மெதுவாகச் சூடேற்றுவார்கள். வேகமாகச் சூடேற்றினால் தேவை திடீரென ஏறி வலிப்பு வரலாம். உடல் பழைய வெப்பநிலைக்கு வந்த பின்னும் டாப்ளர் எண் தாழ்ந்தே இருந்தால், எதிர்காலத்தைக் கணிப்பதில் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அப்போதும் எம்ஆர்ஐ படத்தோடும் குழந்தையின் அசைவுகளோடும் சேர்த்துத்தான் அதைப் படிப்பார்கள்.