பிக்-அப் மேல் ஓர் அறை: அதைப் பிடித்து வைப்பது எது?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "பிக்-அப் வண்டியின் தொட்டியில் ஏற்றி இறக்கும்படி சிறிய தங்கும் அறை ஒன்று செய்திருக்கிறோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்து 600 கிலோ. குடும்பத்தோடு ராமேசுவரம் வரை போய்வர ஆசை. தொட்டியோடு வெல்டு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அசையாது என்கிறார் பட்டறைக்காரர். அமெரிக்க வீடியோக்களில் நாலு மூலையிலும் ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் (திருகித் திருகி இறுக்கும் மரைக் கொக்கி) போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். நீண்டு சுருங்குகிற ஸ்பிரிங்கை நம்பி எப்படிப் போவது?"

ஸ்பிரிங்கை நம்பலாம். வெல்டைத்தான் நம்பக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

வண்டி ஓடும்போது பெட்டிக்கும் அதே வேகம். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிறது, பெட்டி போய்க்கொண்டே இருக்கப் பார்க்கிறது. ஒன்பதாம் வகுப்பு நியூட்டன்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சரக்குக் கட்டும் விதிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் அளவுக்கு வரும் விசையைக் கட்டு தாங்க வேண்டும். உங்கள் 600 கிலோ பெட்டிக்கு முன்பக்கமாக 480 கிலோ.

அந்த 480 கிலோவையும் பெல்ட்டோ சங்கிலியோ நேராகப் பிடித்து நிறுத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது பெட்டியின் அடிப்பலகைக்கும் தொட்டித் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. கட்டின் முதல் வேலை பெட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி அந்த உராய்வைக் கூட்டுவது.

பெயின்ட் அடித்த தகரத்தின் மேல் மரப்பலகை இருந்தால் உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கிறது என்ற எண், 0.3 என்று வைத்துக்கொள்ளலாம். 600 கிலோவுக்கு 180 கிலோ உராய்வு கிடைக்கும். மீதி 300 வேண்டும். அதை உராய்வாகவே பெற வேண்டுமானால் கட்டு 1000 கிலோ அளவுக்குக் கீழே அழுத்த வேண்டும். இப்போது அடியில் நல்ல ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். கெழு 0.6 ஆகிறது. பெட்டியின் எடையே 360 கிலோ உராய்வைத் தருகிறது. மீதி 120 தான். அதற்கு 200 கிலோ அழுத்தம் போதும். உராய்வு இரட்டிப்பானதும் கட்டின் வேலை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

கெழுவை நீங்களே அளக்கலாம். தொட்டித் தகரத் துண்டு ஒன்றின் மேல் பலகையை வைத்து, தகரத்தை ஒரு பக்கம் மெல்ல உயர்த்துங்கள். பலகை நழுவத் தொடங்கும் கோணத்தின் 'டான்' மதிப்புதான் கெழு. 17 பாகையில் நழுவினால் 0.3. ரப்பர் இருந்தால் 31 பாகை வரை பிடித்து நிற்க வேண்டும், அப்போதுதான் 0.6. தகரத்தை நனைத்தும் ஒருமுறை பாருங்கள்.

வேகத்தடைக்கு வருவோம். வண்டி ஏறி இறங்கும் கணத்தில் பெட்டி கொஞ்சம் எடை இழக்கிறது. பாதி எடை போனால் எடையால் வந்த உராய்விலும் பாதி போயிற்று. கட்டு தரும் அழுத்தம் மட்டும்தான் வேகத்தடையிலும் அப்படியே இருக்கும். ஆனால் கட்டு இறுக்கமாகவே இருந்தால்தான் அது நடக்கும்.

பிக்-அப் சேசிஸ் ஏணி மாதிரியான சட்டம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொடுக்கத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். மேலே இருக்கும் அறையோ ஒரு மூடிய பெட்டி, முறுக்கிக்கொடுக்காது. ஆகவே சேசிஸில் கட்டும் இடத்துக்கும் அறையின் மூலைக்கும் இடையிலுள்ள தூரம் ஓட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் மாறுவதாக வைத்துக்கொள்வோம்.

8 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பியால் கட்டி, 100 கிலோ விசைக்கு இறுக்குகிறீர்கள். அந்தக் கம்பி எவ்வளவு நீண்டிருக்கும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இறுக்கம் முழுவதும் அந்த நீட்சியில்தான் இருக்கிறது. மூலை ஒரு தாளின் கனம் கீழே இறங்கினாலே 100 கிலோ பூஜ்யம். கம்பி தொளதொளவென்று தொங்கும், பெட்டி நகரும். மறுகணம் மூலை மேலே போகும்போது கம்பி வெடுக்கென்று இழுபடும். அந்த ஒரு வெடுக்கில் வரும் விசை 100 கிலோவோடு நிற்காது. போல்ட் துளைகள் ஓவலாவதும் தகரம் கிழிவதும் இப்படித்தான்.

இப்போது அதே இடத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2.5 கிலோ கேட்கிற ஸ்பிரிங் என்றால், டர்ன்பக்கிளைத் திருகி 40 மில்லிமீட்டர் அமுக்கினால் அதே 100 கிலோ இழுவை. மூலை ஒரு சென்டிமீட்டர் கீழே வந்தால் இழுவை 75 கிலோவாகும். மேலே போனால் 125. பூஜ்யம் இல்லை, வெடுக்கும் இல்லை. ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இது: நீட்சிக்கு ஏற்ப விசை. கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரே விதி, ஒரே 100 கிலோ. ஒன்று அதைப் பத்தில் ஒரு மில்லிமீட்டரில் அடக்கி வைத்திருக்கிறது, இன்னொன்று 40 மில்லிமீட்டரில் பரப்பி வைத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு அலைக்கு ஏறி இறங்கும்போது நைலான் கயிறு நீண்டு கொடுத்துத் திரும்புவதும் இதே காரணத்தால்தான்.

ஸ்பிரிங்கில் இன்னொரு வசதியும் உண்டு. எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அடிக்கோல் வைத்துப் பார்த்தால் எத்தனை கிலோ இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 40 மில்லிமீட்டர் வரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை மட்டும் இறுக்காதீர்கள். ஒட்டிவிட்டால் அது ஸ்பிரிங் அல்ல, மறுபடியும் கம்பிதான்.

200 கிலோ போதும் என்ற கணக்குக்கு நாலு கட்டில் ஆளுக்கு 50 கிலோ வந்தால் சரிதானே, எதற்கு 100? வேகத்தடையில் போகிற எடைக்காக. கூடவே, கட்டுகள் செங்குத்தாக நிற்பதில்லை. தரையோடு 60 பாகை சாய்ந்த கட்டில் இழுவையின் 87 சதவீதம் கீழே அழுத்தும், 30 பாகை என்றால் பாதிதான். முன்கட்டுகள் இரண்டும் கொஞ்சம் முன்னோக்கியும், பின்கட்டுகள் பின்னோக்கியும், நான்கும் சற்று வெளிப்பக்கமாகவும் சாய்ந்திருந்தால் பெட்டி எந்தப் பக்கம் நழுவப் பார்த்தாலும் யாராவது ஒருவர் எதிரே இழுப்பார். கட்டின் கீழ்முனை சேசிஸில் இருக்க வேண்டும். தொட்டித் தகரத்தில் துளை போட்டு வளையம் மாட்டுவது, எத்தனை பெரிய வாஷர் வைத்தாலும், எனக்குச் சம்மதமில்லை.

வெல்டு விஷயத்துக்கு இவ்வளவு போதும்: முறுக்குகிற சட்டத்தையும் முறுக்காத பெட்டியையும் ஒன்றாக ஒட்டினால் முறுக்கம் முழுவதும் ஒட்டிய இடத்தில் சேரும், அங்கேயே விரிசல் தொடங்கும். வண்டியை நிரந்தரமாக மாற்றியமைப்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள்ளும் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் செய்யாதீர்கள்.

இந்த இடத்தில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதிலும் ஆயுத பூசைக்குப் பூசணி உடைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சரக்கு சரிந்து ஒருவர் அடிபட்ட பிறகு "கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லிக் கட்டைப் பார்க்காமல் விடுவதுதான் பொறுக்கவில்லை. பண்ருட்டிப் பலா, முந்திரி மூட்டை, மீன் ஐஸ் பெட்டி என்று நம் பக்கத்துச் சாலைகளில் நாளெல்லாம் சரக்கு போகிறது. ஈரச் சாக்குக்கும் தகரத்துக்கும், தார்ப்பாய்க்கும் பலகைக்கும் இடையே எவ்வளவு உராய்வு என்று அளக்க ஒரு பலகையும் கோணமானியும் போதும். கடலூர், புதுச்சேரி பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதற்கென்று ஒரு சிறு தொகையை அரசு ஒதுக்க வேண்டும். அளந்த அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு லாரி புக்கிங் ஆபீசிலும் ஒட்ட வேண்டும். விண்வெளிக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இதற்கும் கொடுங்கள் என்கிறேன்.

கிளம்பும் முன் மொத்த எடை உங்கள் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள அளவுக்குள் வருகிறதா என்று எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், ஆட்களும் தண்ணீரும் சேர்த்து. பெட்டியின் எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். முதல் சில கிலோமீட்டரில் ரப்பர் விரிப்பு அமுங்கும், கட்டுகள் தம் இடத்தில் உட்காரும், இழுவை கொஞ்சம் குறையும். கடலூரில் ஒருமுறையும் சிதம்பரத்தில் ஒருமுறையும் இறங்கி பெயின்ட் கோட்டைப் பாருங்கள். டர்ன்பக்கிளுக்கு லாக் நட் கட்டாயம் வேண்டும், அதிர்விலேயே மரை கழன்றுகொள்ளும்.

கடலோரம் என்பதால் இன்னொன்று. அறையின் சட்டம் அலுமினியமாகவும் போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருந்தால், உப்பு ஈரம் இடையே புகுந்ததும் அந்த இணைப்பு ஒரு சிறிய மின்கலமாகிவிடும். கரைவது அலுமினியம். போல்ட் பளபளவென்றே இருப்பதால் மேலே பார்த்தால் தெரியாது. இரண்டும் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் புஷ்ஷும் வையுங்கள். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மரைகளுக்கும் ஸ்பிரிங்குக்கும் கிரீஸ் போடுங்கள்.