ரொறன்ரோ விமானம் ஏன் கிரீன்லாந்துப் பக்கம் போகிறது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: டுபாயில் மாறி ஏறிய ரொறன்ரோ விமானம் நேரே மேற்கே போகாமல் வடக்கே ஏறி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று திரையில் காட்டிக்கொண்டு போனதாம், எரிபொருள் விற்கிற விலையில் எதற்கு இந்தச் சுற்று என்று. சுற்றே இல்லை, அதுதான் குறுக்குவழி.

பூமி உருண்டை, சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர், பூமத்திய ரேகையில் ஒரு பாகை நெட்டாங்கின் அகலம் 111 கிலோமீற்றர். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் நெட்டாங்குக் கோடுகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர வேண்டியவை, அதனால் மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். திருகோணமலையில் அந்த அகலம் 110 கிலோமீற்றர், 60 பாகை வடக்கில் சரிபாதி, 73 பாகையில் வெறும் 32! நாம் கிழக்கே 81 பாகையில் இருக்கிறோம், ரொறன்ரோ மேற்கே 79இல், ஆக 160 பாகை கடக்க வேண்டும். கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்துக்கு ஏறிப்போய் அதைக் கடப்பதுதான் லாபம்.

பூகோள உருண்டை ஒன்று கிடைத்தால் செய்து பாருங்கள். நூலின் ஒரு நுனியைத் திருகோணமலையில் விரலால் அழுத்திக்கொண்டு, அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் வழியாக ரொறன்ரோ வரை தளர்வாக விடுங்கள். இனி மற்ற நுனியைப் பிடித்து மெல்ல இறுக்குங்கள். நூல் போட்ட இடத்தில் நிற்காது, வழுக்கி வழுக்கி மேலே ஏறும், கடைசியில் இராஜஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா தாண்டி, நோர்வேக்கும் மேலே 73 பாகை வரை போய், கிரீன்லாந்தின் நடுவால் இறங்கி விறைப்பாக நிற்கும். அதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, ஏறத்தாழ 13,900 கிலோமீற்றர். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

நம்மைக் குழப்புவது சுவரில் தொங்கும் படம். 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வரைந்த முறை அது, திசைகாட்டி பிடித்துப் போக அருமையானது, ஆனால் 60 பாகையில் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக இழுத்துக் காட்டும். எத்தனையோ பாடசாலைகளில் அந்தப் படம் சுவரில் இருக்க, உருண்டை அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. வகுப்புக்கு ஒரு உருண்டை வாங்கிக் கொடுப்பதற்குக் காசில்லை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூமி தட்டை என்று வட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களுக்கு ஒரு நூல்துண்டே போதும்.

சரி, டுபாய்க் கணக்கு. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டுபாய் 3,300 கிலோமீற்றர், அங்கிருந்து ரொறன்ரோ 11,100. நேரே பறந்தாலும் 14,000 வரும், ஆக டுபாயில் இறங்குவதால் கூடுவது 400 கிலோமீற்றர்தான், நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான். அந்த 11,100ஐத் தட்டைப் படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுப் பறந்தால் 12,400 ஆகிவிடும், மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றரை மணித்தியால எரிபொருள் வீண்.

திரும்பும்போது ஒரு மணித்தியாலம் போலக் குறையும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தாரைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. அதைப் பிடிப்பதற்காகப் பெருவட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலகியும் பறப்பார்கள், அதனால் போகிற கோடும் வருகிற கோடும் அநேகமாக ஒன்றாக இருக்காது.