ஸ்ட்ரோக் இதயத்தில் வருவதில்லை

காலை ஏழு மணிக்கு அந்த அம்மாளுக்கு வாய் கோணிப் பேச்சு குழறியிருக்கிறது. ஸ்ட்ரோக்காக இருக்குமோ என்று மகன் சரியாகவே சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு ஸ்ட்ரோக் என்றால் மாரடைப்பு. ஈசிஜி எடுத்தார், அது நார்மல். நிம்மதியாக வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மாலையில் வலது கை விழுந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். இந்த மாதத்தில் இது மூன்றாவது.

ஸ்ட்ரோக் வருவது மூளையில். 'ஹார்ட் ஸ்ட்ரோக்' என்று ஒரு நோயே கிடையாது. ஈசிஜி இதயத்தைப் பார்க்கும், மூளையைப் பார்க்காது. இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைப்பது உண்டு. அப்போதும் சாவது மூளைதான்.

பழி முழுவதையும் மக்கள் மேல் போட மாட்டேன். அந்தச் சொல்லே அப்படி. 'ஸ்ட்ரைக்' என்பதன் உறவுச்சொல் அது, பொருள், அடி. கடிகாரத்தின் மணியோசை, எழுத்தின் கீற்று, நீச்சலில் கைவீச்சு, பூனையைத் தடவிக் கொடுப்பது எல்லாமே ஸ்ட்ரோக். 1590-களில் இந்நோயை ஆங்கிலேயர் 'கடவுள் கையின் அடி' என்றார்கள். அன்றைய மருத்துவர்கள் இந்நோய்க்குச் சொன்ன கிரேக்கச் சொல்லான அபோப்ளெக்சிக்கும் அடித்து வீழ்த்துவது என்றே பொருள். 1658-இல் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாகோப் வெப்ஃபர், இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து மூளைக்குள் இரத்தக்கசிவு இருப்பதைக் காட்டினார். அடித்தது இரத்தக்குழாய் என்று தெரிந்தும் பெயர் மாறவில்லை. எங்கே அடி என்று அது இன்றும் சொல்வதில்லை.

நம் 'பக்கவாதம்' மட்டும் சொல்கிறதா? கை கால் நோய் என்று நினைத்து எண்ணெய் தேய்க்கிறார்கள்! வெயிலில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கோ வேறு சங்கதி. உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போவது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் குழப்பாதீர்கள்.

வாய் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சுக் குழறல். மூன்றும் சேர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம், ஒன்று போதும், 108-ஐ அழையுங்கள். சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போங்கள். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இரத்தக்கசிவாக இருந்தால் அதுவே வினையாகும். காபி, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரமே கெடு. தயவுசெய்து கடிகாரத்தைப் பாருங்கள். தூங்கி எழும்போதே கோணல் இருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.