பணம் வாங்கிய கடைதான் பதில் சொல்ல வேண்டும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நில விவகாரத்துக்காகவோ ஊழியர் சேம நிதிப் பணத்துக்காகவோ வருவார்கள். பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் "லாயர், இன்னொரு சின்ன விஷயம்" என்று ஐஸ் பெட்டிக் (குளிர்சாதனப் பெட்டி) கதை வெளியே வரும். வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருக்கும். மேல் தட்டில் ஐஸ் பிடிக்கவில்லை, கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்குகிறது, கடைக்குப் போனால் "சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணுங்க அக்கா" என்று அனுப்பிவிடுகிறார்கள் என்பார்கள். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). நடுத்தர அளவு ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினால் ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு அதற்கே போய்விடுகிறது. அதைச் சின்ன விஷயம் என்று நம் மக்கள் கூச்சத்தோடு சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும்.

இந்த விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தைக் கடைக்காரர் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர்மேல் சுமத்துகிறது. எந்த வேலைக்காக அந்தப் பொருளை வாங்குகிறோமோ அந்த வேலையை அது செய்ய வேண்டும். சிறு குறைகூட இல்லாமல், ஆபத்தில்லாமல், கொடுத்த விலைக்கு ஏற்ற காலம் உழைக்க வேண்டும். அதனால்தான் கேரண்டி கார்டில் போட்டிருக்கும் ஓராண்டு முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் உங்கள் உரிமை முடிந்துபோவதில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐஸ் பெட்டி பதினான்காவது மாதத்தில் அடியோடு படுத்துவிட்டால், அது நியாயமான ஆயுளா என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. அந்தக் கார்டு, பொருளின் தயாரிப்பாளர் தன் பங்குக்குத் தரும் வாக்குறுதி. சட்டத்தின் உத்தரவாதம் தனியாக நிற்கிறது.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் 'பாராங் யாங் டிஜுவால் திடாக் போலே டிகெம்பாலிகான்' என்று எழுதி மாட்டியிருப்பார்கள். விற்ற பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோமாம். நிறம் பிடிக்கவில்லை, சமையலறையில் இடம் போதவில்லை என்று நீங்கள் போனால் அந்த அறிவிப்பு செல்லலாம். பழுதான பொருளுக்குச் செல்லாது. எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது.

சர்வீஸ் சென்டர் விஷயத்துக்கு வருவோம். தயாரிப்பாளரிடமும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அது கூடுதல் வழி. ஆனால் உங்களுக்கு விற்றவர் கடைக்காரர், சட்டப்படி முதலில் பொறுப்பாளி அவர். சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் நியாயமான காலத்துக்குள் அவர் பழுது பார்த்துத் தர வேண்டும், அல்லது அதே வகையில் வேறொன்று மாற்றித் தர வேண்டும், இரண்டும் முடியாதென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். சரிசெய்ய முடியாத கோளாறு, அல்லது முன்பே தெரிந்திருந்தால் யாரும் வாங்கியிருக்கவே மாட்டார்கள் என்னும் அளவுக்குப் பெரிய கோளாறு என்றால், பொருளையே வேண்டாம் என்று மறுக்கலாம். மறுத்தபின் பணத்தைக் கேட்கலாம், அல்லது அதே விலையில் வேறொன்றைக் கேட்கலாம். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். "பணம் தர முடியாது, கடையில் வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

ஐஸ் பெட்டியைத் தோட்டத்திலிருந்து கடைக்குக் கொண்டுவர லோரிக் கூலி கேட்கிறார்கள் என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். கல் ரோட்டில் ஏற்றி இறக்கி வரும் செலவுக்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். பொருளை மறுக்கும்போது, அதன் அளவு காரணமாகத் திருப்பிக் கொண்டுபோக உங்களுக்குக் கணிசமான செலவாகும் என்றால், கடைக்காரர்தான் தன் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே வைத்திருந்த இறைச்சியும் மீனும் கெட்டுப்போயிருந்தால் அந்த இழப்பையும் கேட்கலாம். தீபாவளிக்கு முதல் நாள் வாங்கிவைத்த ஆட்டிறைச்சி முழுவதும் வீணானதைச் சொல்லி அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அதைப் படம் பிடித்து, இறைச்சி வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்தச் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

நான் பார்த்தவரை வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு கையெழுத்துதான். பழுது பார்க்க வரும் ஆள் பின்பக்க மூடியைக் கழற்றி ஏதோ செய்வார், மூடுவார், பிளக்கைப் போட்டதும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். "ஓகே ஆச்சு, இங்க சைன் பண்ணுங்க" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த பாரத்தை (படிவத்தை) நீட்டுவார். பொருள் நல்ல நிலையில் இயங்குகிறது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று அதில் இருக்கும். ஐஸ் பெட்டி குளிர்ந்ததா என்று தெரிய மணிக்கணக்காகும். மோட்டார் சத்தத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மறுநாள் காலையில் பால் திரிந்திருக்கும். பிறகு கடைக்காரர் அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, "நீங்களே சைன் பண்ணியிருக்கீங்களே அக்கா" என்பார். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். குளிர்கிறதா என்று இன்னும் தெரியவில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதி, தேதி போட்டு, அதன்கீழ் கையெழுத்திடுங்கள். இரண்டாம் முறை வந்தும் சரியாகவில்லை என்றால் 'மாசிஹ் தாக் செஜுக்' (இன்னும் குளிரவில்லை) என்று மலாயில் மூன்று வார்த்தை எழுதினால் போதும். உங்கள் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன பாகத்தை மாற்றினார் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒரே கோளாறுக்கு மூன்று தாள் சேர்ந்துவிட்டால், பழுது பார்த்துச் சரிசெய்ய முடியாத பொருள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மின்னல் என்பது கடைகள் சொல்லும் இன்னொரு பதில். நம் நாட்டில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை, உண்மையிலேயே மின்னல் தாக்கிய பொருளுக்குக் கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல் "இது கரண்ட் பிரச்சினை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். எந்தப் பாகம் கருகியிருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே வீட்டில், அதே நேரத்தில் டிவியும் விசிறியும் ஒழுங்காக ஓடியது என்றால் அதையும் குறித்துவையுங்கள். முடிந்தால் ஊரில் உள்ள வேறொரு பழுது பார்ப்பவரிடம் காட்டி, அவர் பார்த்ததை எழுதி வாங்குங்கள். தொட்டால் ஷாக் அடிக்கிறது, பிளக் உருகுகிறது என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் விளையாட்டு கூடாது.

தவணையில் வாங்கியவர்கள் கோபத்தில் மாதத் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். அவசரப்பட்டு அப்படிச் செய்யாதீர்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் எடுத்த பொருள், கடைசித் தவணை கட்டும்வரை நிதி கொடுத்தவருக்கே சொந்தம். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்பலாம், அதற்குப் பிறகு பொருளை எடுத்துப்போகவும் முடியும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது நீங்களே கடனாளியாக நிற்க வேண்டாம். தவணையைக் கட்டிக்கொண்டே, பொருள் பழுது என்று கடைக்கும் நிதி நிறுவனத்துக்கும் கடிதம் எழுதுங்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பொருள் என்றாலும் அம்மா தன் பெயரில் கேட்கலாம், பரிசாகப் பெற்றவருக்கும் அதே உரிமை உண்டு. பழைய பொருள் வாங்கியிருந்தாலும் சட்டம் பொருந்தும். கொடுத்த விலையையும், வாங்கும்போதே கடைக்காரர் காட்டிச் சொன்ன குறையையும் கணக்கில் எடுப்பார்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. வாங்கிய தேதி, மாடல் எண், பின்பக்கத் தகட்டில் உள்ள வரிசை எண், கோளாறு, இதுவரை வந்து பார்த்த தேதிகள், உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை, அழிக்காமல் வைத்திருங்கள். கோளாறு தெரிந்த பிறகு மாதக்கணக்கில் சும்மா இருந்தால் பொருளை மறுக்கும் உரிமை போய்விடக்கூடும்.

பதில் வரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது, கடைக்காரருக்கும் அதே விதிதான். என்னைப் போன்றவர்கள் வெளியே உட்கார்ந்து பாரம் நிரப்ப உதவலாம், உள்ளே பேசப் போவது நீங்கள். ரப்பர் பால் வெட்டும் அம்மாவும் கடை முதலாளியும் ஒரே மேசையில் சமமாக உட்காரும் இடம் அது என்பதால்தான் தயங்காமல் போகச் சொல்கிறேன். பினாங்கில் உங்கள் உறவினர் யாராவது இருந்தால், அங்குள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

பாரத்தில் கடையின் பெயரை எழுதும்போது கவனம் தேவை. பெயர்ப்பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவான நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். ரசீதில் பதிவு எண்ணோடு இருக்கும் பெயரைப் போடுங்கள். நடுவர் மன்றம் முத்திரையிட்ட பாரத்தின் நகலைக் கடைக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ நீங்கள்தான் சேர்ப்பிக்க வேண்டும், தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். விசாரணை நாளில் போகாமல் இருந்துவிடாதீர்கள், கோரிக்கை தள்ளுபடியாகிவிடும். கூடுமானவரை முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது விதி. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடை அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ கிடைக்கும். பதினைந்தாம் நாள் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு நடுவர் மன்ற அலுவலகத்துக்கே போய், பணம் வரவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.